நேற்று எவ்வளவு எறிஞ்சனீ?

லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுக்கு நாலு கதவு தள்ளி இருந்த அக்கா, ஒருவரையும் "சுகமோ?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. மணி அடித்தால் கதவைத் திறப்பார், ஆளை ஏற இறங்கப் பார்ப்பார், பிறகு "நேற்று எவ்வளவு?" என்பார். அதற்குப் பதில் வந்த பிறகுதான் சப்பாத்தைக் கழற்ற இடம் விடுவார்.

புதிதாக வருகிறவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். ஒருமுறை பார்சல் கொண்டுவந்த மனிதரிடமும் ஆங்கிலத்தில் அப்படியே கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, முதல் நாள் எத்தனை வீட்டுப் படி ஏறி இறங்கினார் என்று சொன்னார். அக்கா உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டுவந்து வாசலில் போட்டார். அந்த மனிதர் அதில் இருந்து தண்ணீரும் குடித்துவிட்டுத்தான் போனார்.

கேள்வி பேஸ்போலில் இருந்து வந்தது. அந்த விளையாட்டில் பந்தை எறிகிற ஆளைப் பிட்சர் என்பார்கள். முழு வேகத்தில் எறிந்து எறிந்து கை சோர்ந்துவிடும். ஒரு நாள் நீண்ட நேரம் எறிந்தவர் அடுத்த சில நாள்களுக்குச் சும்மா இருக்க வேண்டும். அதனால் பிட்சரிடம் நலம் விசாரிக்க வேண்டுமென்றால், நேற்று எவ்வளவு எறிந்தாய் என்றுதான் கேட்க வேண்டும் என்பது அக்காவின் கட்சி. மனிதர்கள் எல்லோரையும் அவர் பிட்சர்களாகத்தான் பார்த்தார்.

கனடாவில் பல வருடம் இருந்துவிட்டு, கணவரின் வேலை மாறியதால் லண்டனுக்கு வந்தவர். எங்களுக்கு அவர் கனடா அக்கா. சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஒருவரும் பாவிக்கவில்லை, நானும் இங்கே பாவிக்கவில்லை. வரும்போது ஒரு பெட்டி நிறைய அட்டைகளும் தாயக்கட்டைகளும் கொண்டுவந்தார். ஒவ்வொரு அட்டையும் உண்மையான ஒரு விளையாட்டுக்காரர். ஒரு குறிப்பிட்ட வருடத்தில் அவர் எப்படி அடித்தார், எப்படி எறிந்தார் என்பது எண்களாக அட்டையில் இருக்கும். கட்டையை உருட்டி, எண்ணைப் பார்த்து, அடியா அவுட்டா என்று தீர்மானிக்கலாம். வெளியே கிரிக்கெட் ஆட முடியாத மழைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில், அக்காவின் முன்னறையில், பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட சாப்பாட்டு மேசையில் எங்கள் லீக் நடந்தது. ஆளுக்கொரு அணி. நடத்துபவர், நடுவர், கடைசித் தீர்ப்பு எல்லாம் அக்கா.

என்னை அதற்குள் இழுத்துவிட்டது வட லண்டன் எட்மண்டனில் இருக்கும் என் அண்ணன். வீடு விற்றுக் கொடுக்கும் வேலை, ஓயாத வாய். ஒரு அணிக்கு ஆள் குறைகிறது என்று என்னைப் பிடித்துக்கொண்டு போனான். நாங்கள் எல்லோரும் கிரிக்கெட் வீட்டுப் பிள்ளைகள். அதனால் முதல் ஆட்டத்திலேயே, கிரிக்கெட் வீட்டுப் பிள்ளை மட்டும் செய்யக்கூடிய ஒரு காரியத்தை நான் செய்தேன். ஒரு சுற்று முடிந்ததும், ஓவர் முடிந்தது என்ற நினைப்பில் பிட்சரை மாற்றினேன். அடுத்த சுற்றுக்கு இன்னொருவர். அதற்கடுத்த சுற்றுக்கு இன்னொருவர். எல்லோருக்கும் சமமாகப் பந்து கொடுக்கிறேன் என்று எனக்குப் பெருமை வேறு.

"மாத்தவே போறாய், பிள்ளை?" என்று அக்கா ஒவ்வொரு தடவையும் கேட்டார். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். ஒருவர்தான் மிச்சம் என்று ஆனபோது, "இனி முதல் எறிஞ்சவரைத் திருப்பிக் கொண்டாறன்" என்றேன்.

"ஏலாது. எடுத்தா எடுத்ததுதான்."

"ஏன் ஏலாது? அவர் இவ்வளவு நேரமும் சும்மாதானே இருந்தவர்?"

"இந்த ஆட்டத்துக்கு அவர் முடிஞ்சார்."

மிச்சமிருந்த அந்த ஒற்றை மனிதரை வைத்துக்கொண்டே கடைசிவரை எறிய வேண்டியதாகிவிட்டது. எதிரணி அவரைப் பிரித்து மேய்ந்தது. அண்ணன் சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்து விழப் பார்த்தான். அக்கா சிரிக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் அந்த அட்டையை இரண்டு விரலால் எடுத்து, "பாவம் மனுசன்" என்று சொல்லி, பழைய பிஸ்கட் டின் ஒன்றுக்குள் குப்புற வைத்து மூடினார். எறிந்து களைத்தவர்களுக்கான டின் அது. அதற்குள் போனவரை அடுத்த ஞாயிறு வெளியே எடுக்க முடியாது.

அக்காவின் விருந்தோம்பலைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னால் முடியாது. தேநீர் வெந்நீர் போல இருக்கும். ரோல்ஸ் எப்போதும் கடையில் வாங்கியது. மா பிசைய வலது தோள் இடம் கொடுக்காது என்பார். பேசும்போதெல்லாம் இடது கை போய் அந்தத் தோளைப் பிடித்துக்கொள்ளும். பிடிவாதமும் அதிகம். சட்டம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டால், அவருடைய கணவரே வந்து கெஞ்சினாலும் நடக்காது. அவரும் ஒரு அணி வைத்திருந்தார், பாவம்.

முதல் வருடம் என் அணியில் ஒருவர் இருந்தார். உயரமான ஆள். பெயர் வாயில் நுழையாததால் நெடுவல் என்று வைத்தோம். அந்தக் குறிப்பிட்ட வருடத்தில் அவர் சில கிழமைகள்தான் எறிந்திருக்கிறார். பிறகு கை முறிந்துபோய் வீட்டில் இருந்திருக்கிறார். ஆனால் எறிந்த அந்தச் சில கிழமைகளில் ஒருவராலும் அவரைத் தொட முடியவில்லை. அட்டையில் அந்த எண்கள் மட்டும்தான் இருந்தன, முறிந்த கை இருக்கவில்லை. டின் சட்டத்தின்படி ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு அவரைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர் எறிந்த நாளெல்லாம் வென்றேன்.

அண்ணன் மேசையில் அடித்தான். "இது அநியாயம் அக்கா! அந்த மனுசன் அந்த வருசம் முக்காவாசி ஆட்டத்துக்கு வரேல்லை. இவள் அவரை வருசம் முழுக்க ஓட்டுறாள். உண்மையில நடக்காத ஒண்டு எப்பிடி இஞ்சை நடக்கும்?"

பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் இருந்து வரும் கணக்காளர் ஒருவர் என் பக்கம் நின்றார். "உண்மையில நடந்ததுதான் இஞ்சையும் நடக்கோணும் எண்டால் நாங்கள் ஏன் கட்டை உருட்டுறம்? போன வருசத்துப் பேப்பரை எடுத்து வாசிச்சிட்டுப் போகலாமே. அட்டைக்குக் கை நோகுமோ?"

நான் உடனே அதைப் பிடித்துக்கொண்டேன். "அதானே, அட்டைக்குக் கை நோகுமோ?"

"அட்டைக்கு நோகாது" என்றார் அக்கா. "ஆனால் அந்த மனுசன்ரை கை முறிஞ்சது உண்மை. கை முறியுமட்டும் எறிஞ்சதாலதான் இந்த நம்பர் வந்தது. நம்பரை எடுத்துக்கொண்டு முறிவை விட்டிட்டா, அது அவரில்லை, வேறை ஆரோ."

அண்ணன் வென்றுவிட்டதாக எழுந்து நின்றான். அக்கா அவனையும் இருத்தினார். "ஆனால் ஆட்டம் துவங்கின பிறகு சட்டத்தை மாத்திறது அதைவிட அநியாயம். இவள் இருந்த சட்டத்தைப் பாத்துத்தான் ஆளை எடுத்தவள். இந்த வருசம் நெடுவல் எறியட்டும். அடுத்த வருசத்தில இருந்து, உண்மையில எறிஞ்ச அளவுக்குத்தான் இஞ்சையும் எறியலாம்."

அந்த வருடக் கப்பை நான்தான் தூக்கினேன். இன்றைக்கும் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. கொஞ்சமும் வெட்கமில்லை.

அடுத்த வருடம் சட்டம் வந்தது. என்னை ஆதரித்த பார்க்கிங்காரர்தான் முதலில் மாட்டினார். நல்ல பிட்சர்களை ஆரம்பத்திலேயே எறியவிட்டுத் தீர்த்துவிட்டார். மாசி மாதம் வரும்போது அவர் அணியில் எறிய ஆள் இல்லை. தண்டனையை அனுபவிக்கட்டும் என்று அண்ணன் சொன்னான். இப்படி ஆளில்லாமல் ஆடினால் அவரோடு கடைசியில் ஆடுகிறவர்களுக்கு இலவச வெற்றி, அது மற்ற அணிகளுக்கு நியாயமில்லை என்று வேறொருவர் சொன்னார். இரண்டும் சரிதான். அக்கா தோளைப் பிடித்துக்கொண்டு கன நேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: களைத்தவரும் எறியலாம், ஆனால் களைத்தவராகத்தான் எறிவார். அவர் எறியும்போது அடிக்கிறவர் பக்கம் கட்டை எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அவர் டின்னுக்குள் இரண்டு மடங்கு காலம் இருக்க வேண்டும். "ஏலாதவரை ஏலும் எண்டு எறியவிட்டா, அதின்ரை விலையையும் எடுக்கத்தான் வேணும்."

அந்தச் சட்டத்தை எங்களில் அதிகம் நேசித்தது என் அண்ணன்தான். எல்லா அணிகளின் பிட்சர்களும் எவ்வளவு எறிந்தார்கள், எப்போது டின்னுக்குள் போனார்கள் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். யாராவது ஒரு ஞாயிறு முந்தியே ஒருவரை வெளியே எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துவான்.

அக்காவின் தோள் கதை எனக்குத் தெரியவந்தது ஒரு மத்தியானம், ரோல்ஸ் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது. கனடாவில் ஒரு தொழிற்சாலையில் பொருள்களைப் பெட்டியில் அடைக்கும் வேலை. அவர்தான் அங்கே எல்லோரிலும் வேகம். அதனால் யாராவது வராத நாளில் அவர்களுடைய வேலையும் அவருக்கே வரும். தோள் போன பிறகு வீட்டில் படுத்திருந்தபோது, தொலைக்காட்சியில் பேஸ்போல் போயிருக்கிறது. எறிந்து முடித்த ஒருவரை இருத்தி, தோளில் ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்களாம்.

"அங்கை நல்லா எறிஞ்சவனுக்கு ஐஸ் வைக்கினம்" என்றார் அக்கா. "எனக்கு ஓவர்டைம் வைச்சாங்கள்." சொல்லிவிட்டு ரோல்ஸைத் தட்டில் அடுக்கினார்.

மூன்றாம் வருடம் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் பாதி போய்விட்டது. அம்மா முன்னமே இல்லை. கல்யாணம் ஆகாத நான்தான் அவரோடு இருந்தவள். நோயாளியைப் பராமரிக்கக் கவுன்சில் அனுப்பும் கேரர் காலையில் வந்து குளிக்கவார்த்துவிட்டுப் போவார். மற்றதெல்லாம் நான். அண்ணன் வருவான், பழங்கள் கொண்டுவருவான், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பான், நோர்த் சர்க்குலர் ரோட்டில் டிராபிக் கூடிவிடும் என்று எழும்பிவிடுவான். ஞாயிறு மத்தியானம் லீக்குக்கு வரும்போது மட்டும் அந்த ரோட்டில் டிராபிக் இருந்ததே கிடையாது. அவனைக் கெட்டவன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீடுகளில் இது இப்படித்தான் தானாக நடந்துவிடுகிறது. நன்றாகச் செய்கிற ஒருவர் இருந்தால், மற்றவர்கள் அவரை மெச்சிக்கொண்டே பின்வாங்கிவிடுவார்கள். அண்ணனும் போகிற இடமெல்லாம் என்னை மெச்சினான்.

"நேற்று எவ்வளவு?" என்று அக்கா கேட்பார்.

"கொஞ்சம்தான் அக்கா" என்பேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்ப்பார்.

நான் மருந்துக் கடையில் வேலை செய்பவள். சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. மாரி தொடங்கிய ஒரு நாள், வயதான ஒருவருக்கு அதே மருந்தின் கடும் அளவுப் பெட்டியை எடுத்துப் பையில் போடப் போய்விட்டேன். கடைசி நேரத்தில் கண்ணில் பட்டதால் தப்பியது. சரியான பெட்டியை மாற்றிப் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய் இருந்தேன். இந்த வேலை போனால் வீட்டு வாடகை கட்ட முடியாது, அப்பா ஏதாவது ஒரு பராமரிப்பு இல்லத்துக்குப் போவார். அதைவிடப் பெரிய பயம், அடுத்த தடவை கண்ணில் படாமல் போனால் என்ன ஆகும் என்பது. ஒருவருக்கும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு அப்பாவையும் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு லீக்குக்குப் போனேன். ஹீட்டர் பக்கத்தில் அவரை விட்டுவிட்டு மேசையில் இருந்தேன். அண்ணனுக்கும் பார்க்கிங்காரருக்கும் வழக்கமான சண்டை. "போன கிழமை எறிஞ்சவரை இந்தக் கிழமையும் கொண்டாறீங்களோ? மனுசன்ரை கையை என்னெண்டு நினைக்கிறியள்?" என்று அண்ணன் கத்திக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. பிறகு விழவில்லை. கட்டையைக் கைக்குள் வைத்தபடியே மேசையில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன்.

விழிப்பு வந்தபோது அறை அமைதியாக இருந்தது. யாரோ என் முதுகில் ஒரு போர்வையைப் போட்டிருந்தார்கள். அக்காவின் குரல் மட்டும் கேட்டது, மெல்ல.

"தம்பி, உம்மடை தங்கச்சி இண்டைக்கு எறிய ஏலாது. அப்பாவை நீர் வீட்டை கூட்டிக்கொண்டு போம். உடுப்பு மாத்தி, சாப்பாடு தீத்தி, மருந்து குடுத்து, படுக்க வைச்சிட்டு வாரும். அதுமட்டும் ஆட்டம் நிக்கும்."

"எனக்கு அதெல்லாம் பழக்கமில்லை அக்கா. அவள்தான் நல்லாச் செய்வாள்."

"நல்லாச் செய்யிற ஆளைத்தான் எல்லாரும் முறிக்கிறது."

நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் "பரவாயில்லை அண்ணை, நான் பாக்கிறன்" என்று என் வாய் தானாகவே சொல்லிவிடும் என்று எனக்குத் தெரியும். அந்த வாயை நம்பாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

"நீங்கள் எல்லாரும் பாத்துக்கொண்டுதானே இருக்கிறியள்" என்று அக்கா மற்றவர்களிடம் தொடர்ந்தார், கோபமில்லாமல். "போன கிழமை எறிஞ்ச அட்டைக்காக இந்தத் தம்பி இப்ப மேசையில அடிச்சவர். நல்ல மனசு உள்ளவர்தான். பக்கத்துக் கதிரையைத்தான் பாக்கேல்லை."

சக்கர நாற்காலியின் தடுப்பை விடுவிக்கும் சத்தம் கேட்டது. அண்ணனுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல், அப்பா இடக்கையால் தொட்டுக் காட்டினாராம். பிறகு வாசல் கதவு சாத்தப்பட்டது. லீக் முழுவதும் ஆறிப்போன தேநீரோடு காத்திருந்தது. நான் மறுபடியும் உண்மையாகவே தூங்கிவிட்டேன்.

எழுந்தபோது அண்ணன் திரும்பி வந்திருந்தான். சட்டையின் முன்பக்கம் முழுவதும் கஞ்சி. மேசையில் பிஸ்கட் டின் திறந்திருந்தது. உள்ளே, களைத்த பிட்சர்களுக்கு மேலே, ரோல்ஸ் பெட்டியில் கிழித்த ஒரு அட்டைத் துண்டு. அதில் அக்காவின் கோணல் எழுத்தில் என் பெயர்.

"அடுத்த ஞாயிறு முடியுமட்டும் வெளியில எடுக்கேலாது" என்றார் அக்கா அண்ணனிடம். "சட்டம் உமக்குத் தெரியும்தானே."

அவனுக்குத் தெரியும். அந்தக் கிழமை முழுக்க வேலை முடிய நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். அதற்குப் பிறகு செவ்வாயும் வியாழனும் சனியும் அவனுடையதாயின. முதலில் எல்லாவற்றையும் பிழையாகத்தான் செய்தான். கஞ்சியைச் சுடச்சுட வாயில் வைத்துத் திட்டு வாங்கினான். பேச்சு பாதி போன மனிதர் திட்டுவதற்கு மட்டும் சொல் கண்டுபிடித்தார்.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. ஒரு வியாழன் மாலை, வீட்டில் அண்ணன் இருக்க, எனக்குப் போக இடமில்லாமல் அக்காவின் வீட்டுக்குப் போய் அழுதேன். விட்டுவிட்டு வந்தவள் ஆகிவிட்டேன், இனி அப்பாவுக்கு நான் வேண்டியதில்லை என்றேன். "எடுத்தா எடுத்ததுதான் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். "விசரி. அந்த ஆட்டத்துக்குத்தான் திரும்ப வரேலாது. அடுத்த ஆட்டத்துக்கு வரலாம். வரவேணும் எண்டுதானே ஓய்வில விடுறது?"

அந்த வெந்நீர்த் தேநீரை நான் முழுதாகக் குடித்தது அன்றைக்கு மட்டும்தான். அக்காவுக்கு நான் கடன்பட்டது தூக்கத்துக்காக மட்டும் இல்லை. அப்பாவின் மகனை அவருக்குக் கொடுத்ததும் அக்காதான். இப்போது என்னுடைய நாள்களில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலைப் பார்த்து "பெரியவன்?" என்று கேட்கிறார். நாளைக்கு வருவான் அப்பா என்கிறேன். கொஞ்சம் எரிச்சல் வரும், பிறகு சிரிப்பு வரும்.

போன வருடம் அக்கா கனடாவுக்குத் திரும்பிவிட்டார். மகளுக்கு இரட்டைக் குழந்தைகள். பெட்டியையும் டின்னையும் என் கையில் தந்துவிட்டுப் போனார். லீக்கை இப்போது நான் நடத்துகிறேன். தீர்ப்புச் சொல்லும்போது இடது கை வலது தோளுக்குப் போகிறது என்று அண்ணன் கேலி செய்கிறான். சட்டம் எதையும் மாற்றவில்லை. நெடுவல் இப்போது பார்க்கிங்காரரின் அணியில் இருக்கிறார். கொஞ்சமாக எறிகிறார், நிறைய இளைப்பாறுகிறார்.

ஞாயிறுகளில் ஆட்டம் தொடங்க முதல் அக்கா தொலைபேசியில் வருவார். "நேற்று எவ்வளவு?" என்று கேட்பார். போன ஞாயிறும் கேட்டார்.

"நேற்று ஒண்டுமே இல்லை அக்கா" என்றேன். "சனி அண்ணையின்ரை நாள். நான் நித்திரை கொண்டு எழும்பிப் பூங்காவுக்கு நடந்து போட்டு வந்தனான்."

"நல்லது" என்றார். பின்னால் ஒரு குழந்தை வீரிட்டது, உடனே மற்றதும் தொடங்கியது. தட்டிக்கொடுக்கிற சத்தம் கேட்டது. மூச்சு வாங்கியது.

"அக்கா, உங்களுக்கு நேற்று எவ்வளவு?"

அந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை என்று, கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

"கொஞ்சம்தான் பிள்ளை" என்றார்.

நான் டின்னை இழுத்துத் திறந்தேன்.

"அக்கா, போனை மகளிட்டைக் குடுங்கோ."